அழைப்பிதழ் ஆங்கிலம்: விழா, விருந்து, பாராட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பத்திரிகையும் பணி ஓய்வு விழா அழைப்பிதழும் முன்பெல்லாம் ஊருக்குள் சுற்றி ஊருக்குள்ளேயே நின்றுவிடும். இப்போது அதே அட்டை வாட்ஸ்அப்பில் படமாகி லண்டன் சம்பந்தி வீட்டுக்கும், மகன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் அமெரிக்க மேலாளருக்கும் போய்ச் சேர்கிறது. நம் அட்டையில் இருப்பது இந்திய ஆங்கிலம். அது தவறான ஆங்கிலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதில் சில சொற்கள் கடல் தாண்டினால் பொருள் மாறிவிடும், சில சிரிப்பை வரவழைக்கும், ஒன்றிரண்டு மனத்தை நோகடிக்கும். எது எந்த வகை என்று தெரிந்திருந்தால் போதும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

‘ஃபங்ஷன்’ என்று சொன்னால் வெளிநாட்டவருக்குப் புரியுமா?

அரைகுறையாகப் புரியும். பிரிட்டனில் ‘ஃபங்ஷன்’ என்றால் மண்டபம் பிடித்து, ஆட்களை முறையாக அழைத்து, சற்று விறைப்பாக நடத்தும் நிகழ்ச்சி. நமக்கோ காதுகுத்து, வளைகாப்பு, கல்லூரி ஆண்டு விழா, கடைத் திறப்பு எல்லாமே ஃபங்ஷன்தான். “வீட்டில் ஒரு ஃபங்ஷன், லீவு வேண்டும்” என்று வெளிநாட்டு மேலாளருக்கு எழுதினால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. ‘ஃபேமிலி செரிமனி’ என்றால் சடங்கு என்று புரிந்துகொள்வார். ‘ஃபேமிலி செலிப்ரேஷன்’ என்றால் கொண்டாட்டம் என்று புரிந்துகொள்வார். கல்யாணமாக இருந்தால் சுற்றி வளைக்காமல் ‘வெட்டிங்’ என்றே எழுதிவிடுங்கள். அக்கா மகளின் கல்யாணத்தைப் பொதுப்பெயரில் சொல்லி லீவு கேட்பானேன்?

‘பார்ட்டி’ என்ற சொல்லை எங்கே போடலாம், எங்கே கூடாது?

நம் வீடுகளில் ‘பார்ட்டி’ என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மதுவின் வாசம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. ஆங்கிலத்தில் அப்படிக் கிடையாது. ஐந்து வயதுக் குழந்தையின் பிறந்தநாளும் பார்ட்டிதான், தேநீரும் கேக்கும் மட்டும் வைத்துப் பாட்டி கூட்டுவதும் பார்ட்டிதான். எனவே ஆங்கிலேயர் யாராவது அழைத்தால் பதற வேண்டாம்.

நெருங்கியவர்கள் மட்டும் கூடுவது ‘கெட்-டுகெதர்’. பிரிட்டிஷார் பேச்சில் ‘பேஷ்’ என்றால் ஆட்டம் பாட்டத்தோடு அமர்க்களமான விருந்து. ‘டூ’ என்ற ஒற்றைச் சொல்லுக்கும் விருந்து என்று பொருள் உண்டு. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையின் தோழர்கள் கூடுவதை அங்கே ‘ஸ்டாக்’ என்பார்கள், மணப்பெண்ணின் தோழிகள் கூடுவதை ‘ஹென்’ என்பார்கள். அமெரிக்காவில் அவையே ‘பேச்சலர் பார்ட்டி’, ‘பேச்சலரெட் பார்ட்டி’. ‘பாட்லக்’ என்று அழைப்பில் இருந்தால் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு போக வேண்டும். இதை அறியாமல் வெறுங்கையோடு போய் நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

‘ட்ரீட்’ மட்டும் கவனம். நம் அலுவலகங்களில் சம்பளம் உயர்ந்தவரைச் சூழ்ந்துகொண்டு “எப்போ ட்ரீட்?” என்று கேட்பது வழக்கம். ஆங்கிலத்தில் ‘மை ட்ரீட்’ என்று பணம் கொடுப்பவர்தான் முந்திக்கொண்டு சொல்வார். எதிராளி கேட்டு வாங்கினால் அங்கே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை நடப்பதை ‘ரிசப்ஷன்’ என்று போடலாமா?

போடலாம், ஆனால் தேதியையும் நேரத்தையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். மேற்கத்திய வழக்கத்தில் திருமணம் முடிந்த பிறகுதான் வரவேற்பு விருந்து. அதில் உட்காருபவர்கள் தம்பதிகள். தாலி கட்டுவதற்கு முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்று பரிசு வாங்குவது நம் பக்கத்து ஏற்பாடு. வெளிநாட்டு நண்பர் ‘ரிசப்ஷன்’ என்ற சொல்லை மட்டும் படித்து மறுநாள் மாலை மண்டபத்துக்கு வந்தால், அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். ‘ரிசப்ஷன் ஆன் தி ஈவ்னிங் பிஃபோர் தி வெட்டிங்’ என்று ஒரு வரி சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது.

‘ஆன் தி ஈவ் ஆஃப்’ என்பதில் என்ன பிழை? எல்லா அட்டையிலும் இருக்கிறதே?

‘ஈவ்’ என்றால் முந்தைய நாள். கிறிஸ்துமஸ் ஈவ் டிசம்பர் 24, நியூ இயர் ஈவ் டிசம்பர் 31. “எங்கள் மகளின் திருமணத்தை முன்னிட்டு” என்பதற்கு ‘ஆன் தி ஈவ் ஆஃப்’ என்று அச்சிட்டுவிட்டுத் திருமண நாளையே கீழே போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ‘முன்னிட்டு’ என்பதில் இருக்கும் ‘முன்’தான் நம்மை அங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ‘ஆன் தி அக்கேஷன் ஆஃப்’ என்பதே சரி.

ஆளுநர் மாளிகையின் ‘அட் ஹோம்’ என்பது என்ன?

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களில் குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும் தரும் மாலை நேர விருந்து. நம் நாளிதழ்கள் ‘தேநீர் விருந்து’ என்று எழுதுவதும், எந்தக் கட்சி போகிறது, எந்தக் கட்சி புறக்கணிக்கிறது என்று செய்தி வருவதும் இதைப் பற்றித்தான். பழைய பிரிட்டிஷ் மேல்தட்டு வழக்கம் இது: இன்ன நாள், இன்ன நேரத்தில் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார், பார்க்க வரலாம் என்று அட்டை அனுப்புவார்கள். அந்த வழக்கம் அங்கே தேய்ந்துவிட்டது. இங்கே அரசு நெறிமுறையில் நிலைத்துவிட்டது.

தேநீர் என்றதும் ‘ஹை டீ’ நினைவுக்கு வரும். நம் கருத்தரங்க நிகழ்ச்சி நிரல்களில் அதற்கு ஒரு பகட்டு உண்டு. பிரிட்டனில் கதை தலைகீழ். உழைக்கும் மக்கள் வேலை முடிந்து வந்து மாலை ஐந்து, ஆறு மணிக்கு வயிறாரச் சாப்பிட்டதுதான் ஹை டீ. சீமாட்டிகள் சிறு சான்ட்விச்சும் கேக்கும் கொறித்தது ‘ஆஃப்டர்நூன் டீ’.

‘ஆர்.எஸ்.வி.பி.’ என்று போட்டிருந்தால் என்ன செய்ய வேண்டும்?

வருகிறீர்களா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். அது பிரெஞ்சு வாக்கியத்தின் சுருக்கம். “தயவுசெய்து பதில் தருக” என்று பொருள். ‘தயவுசெய்து’ உள்ளேயே இருப்பதால் முன்னால் இன்னொரு ‘ப்ளீஸ்’ தேவையில்லை. நம் பத்திரிகைகளில் இந்த எழுத்துகளுக்குக் கீழே சித்தப்பா, தாய்மாமன் பெயர்களும் கைபேசி எண்களும் இருக்கும். யாரும் அந்த எண்களுக்கு அழைத்து “வருகிறேன்” என்று சொல்வதில்லை. மண்டபத்துக்கு வழி கேட்கத்தான் அழைப்பார்கள். மேற்கில் அப்படி இருந்துவிடாதீர்கள். தலைக்கு ஒரு நாற்காலி, தலைக்கு ஒரு தட்டு என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ‘ரிக்ரெட்ஸ் ஒன்லி’ என்றிருந்தால் வர முடியாதவர்கள் மட்டும் சொன்னால் போதும்.

‘ஃபெலிசிடேட்’ தவறு என்கிறார்களே?

தவறில்லை, ஊர் வேறு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்தது. இருந்தாலும் ‘வாழ்த்துக் கூறு’ என்ற பொருளில்தான். மேடையில் ஏற்றி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து அனுப்புவதற்கு ஃபெலிசிடேஷன் என்பது நம் நாட்டு ஆங்கிலம். அகராதிகளே இந்திய வழக்கு என்று குறித்து ஏற்றுக்கொண்டுவிட்டன. உள்ளூர் அட்டையில் தாராளமாக இருக்கட்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் தன்விவரக் குறிப்பில் மட்டும் ‘ஹானர்ட் பை’ என்று எழுதுங்கள். ‘ஃபெலிசிடேட்டட் பை தி கலெக்டர்’ என்று எழுதினால் ஆட்சியர் போகிற போக்கில் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார் என்றுதான் படிப்பார்கள்.

சீஃப் கெஸ்ட், கெஸ்ட் ஆஃப் ஹானர்: யார் பெரியவர்?

இந்தக் கேள்விக்கு மேடையில் அடிதடியே நடக்கும் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். நம் வழக்கில் சீஃப் கெஸ்ட் சிறப்பு விருந்தினர், முதலிடம் அவருக்கு. கெஸ்ட் ஆஃப் ஹானர் அவருக்கு அடுத்தபடி. ஆங்கிலேயர் வழக்கில் ‘சீஃப் கெஸ்ட்’ என்ற வழக்கம் அவ்வளவாக இல்லை; கெஸ்ட் ஆஃப் ஹானர்தான் அன்றைய நாயகர். லண்டனிலிருந்து வரும் பேராசிரியரை இரண்டாம் இடத்தில் போட்டு ‘கெஸ்ட் ஆஃப் ஹானர்’ என்று அச்சிட்டால் அவர் மகிழ்ச்சியாகவே வருவார். முதலிடம் தரவில்லை என்று கோபித்துக்கொள்ளப் போவது உள்ளூர்க்காரர் மட்டும்தான்.

‘வோட் ஆஃப் தேங்க்ஸ்’ இருபுறமும் செல்லும். வாழ்த்துரைக்கு நாம் போடும் ‘ஃபெலிசிடேஷன் அட்ரஸ்’ வெளியே செல்லாது. நூல் வெளியீட்டுக்கு ‘புக் ரிலீஸ்’ என்கிறோம். அவர்கள் ‘புக் லாஞ்ச்’ என்பார்கள். சிலையைத் திறந்தால் ‘அன்வெய்ல்’, கட்டடத்தைத் திறந்தால் ‘இனாகரேட்’ அல்லது வெறும் ‘ஓப்பன்’.

நினைவுப் பரிசு ‘மொமென்டோ’வா, ‘மெமென்டோ’வா?

‘மெமென்டோ’. லத்தீனில் “நினைவில் கொள்” என்னும் ஏவல் அது. ‘மொமெண்ட்’ என்ற சொல்லோடு உறவில்லை. கேடயம் விற்கும் கடைப் பலகைகளில் பாதி இதைத் தப்பாகத்தான் எழுதியிருக்கும்.

‘சுவனீர்’ இதைவிடப் பெரிய குழப்பம். விழா மலருக்கு நாம் சுவனீர் என்கிறோம். முன்பக்கம் தலைவர்களின் வாழ்த்துச் செய்தி, பின்னால் ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம்’ என்று அரிசி மண்டி முதல் நகைக்கடை வரை விளம்பரம். மற்றவர்களுக்குச் சுவனீர் என்றால் சுற்றுலா போன இடத்தில் வாங்கும் சாவிக்கொத்து. விழா மலரை அவர்களிடம் ‘கமெமரேட்டிவ் வால்யூம்’ எனலாம். ஓர் அறிஞரின் மணிவிழாவுக்கு மாணவர்களும் சக ஆய்வாளர்களும் கட்டுரைகள் எழுதித் தொகுக்கும் நூலுக்கு ஜெர்மனிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல் ஒன்று இருக்கிறது: ‘ஃபெஸ்ட்ஷ்ரிஃப்ட்’. கல்வித்துறையில் இருப்பவர்களுக்கு உதவும்.

பொன்னாடைக்குச் ‘ஷால்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மலர்களில் மட்டும் விழிப்பு தேவை. கொத்து ‘பொக்கே’, மாலை ‘கார்லண்ட்’, மலர்வளையம் ‘ரீத்’. பாராட்டு விழாச் செய்தியில் ‘ரீத்’ என்று எழுதினால் உயிரோடிருப்பவருக்கு அஞ்சலி செலுத்தியதாகிவிடும். கிறிஸ்துமஸுக்கு வாசற்கதவில் தொங்கும் பச்சை வளையமும் ரீத்தான். அதில் துக்கம் இல்லை.

அவார்ட், ப்ரைஸ், ரிவார்ட்: எல்லாம் விருதுதானே?

தமிழில்கூட விருது வேறு, பரிசு வேறு, சன்மானம் வேறு. போட்டியில் வென்றதற்குத் தருவது ‘ப்ரைஸ்’. நோபல் போல மரபால் நின்றுபோன பெயர்களும் உண்டு. தகுதியை ஆராய்ந்து ஒரு குழு வழங்குவது ‘அவார்ட்’. தொலைந்த நாயைப் பிடித்துக் கொடுத்தவருக்கோ, குற்றவாளியைப் பற்றித் துப்புக் கொடுத்தவருக்கோ தருவது ‘ரிவார்ட்’. சாகித்திய விருதாளரைப் பற்றி ‘ரிவார்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘லாரியேட்’ என்ற சொல்லில் லாரல் இலை முடி இருக்கிறது. வென்றவன் வாகை சூடியது நம் மரபு, லாரல் சூடியது கிரேக்க, ரோமானிய மரபு. ‘குடோஸ்’ கிரேக்கத்திலிருந்து வந்த ஒருமைச் சொல். கடைசி ‘ஸ்’ பன்மை அல்ல, ‘ஒரு குடோ’ என்று பிரிக்க முடியாது. ‘அக்கலேட்’ என்பது கழுத்தைத் தழுவிக்கொள்வதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அரசர் ஒருவரை வீரப்பட்டம் சூட்டி ஏற்றுக்கொள்ளும் சடங்குக்குப் பெயராகி, இப்போது எந்தப் பாராட்டுக்கும் வழங்குகிறது.

பத்மஸ்ரீ வாங்கியவர் அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் அதைப் போடலாமா?

கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தது. அப்படியானால் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் செல்லுமா என்ற வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் அவை பட்டங்கள் அல்ல, விருதுகளே, ஆகவே செல்லும் என்றது. கூடவே, பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. “பத்மஸ்ரீ விருது பெற்ற” என்று தனியாக எழுதுவதில் தடையில்லை. நம் ஊர்ச் சுவரொட்டிகள் இந்தத் தீர்ப்பைப் படித்த மாதிரி தெரியவில்லை.

கௌரவ டாக்டர் பட்டம் பெற்றவர்கள் ‘டாக்டர்’ போட்டுக்கொள்வதும் உலக வழக்கில் ஏற்கப்படுவதில்லை. அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஹானரரி’யில் ‘யு’ எழுத்து வராது. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் ‘ஹானர்’ என்ற சொல்லில் ‘யு’ உண்டே என்று நினைத்துச் சேர்த்துவிடுகிறார்கள்.

பவள விழாவை ‘கோரல் ஜூபிலி’ என்று மொழிபெயர்க்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

‘ஜூபிலி’ எபிரேயத்திலிருந்து வந்தது. லேவியராகமம் 25ஆம் அதிகாரம் ஐம்பதாவது ஆண்டைப் புனித ஆண்டாக்கச் சொல்கிறது. ஆட்டுக்கடாக் கொம்பை ஊதி அறிவித்து, அடிமைகளை விடுவித்து, கைமாறிய நிலத்தை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். தமிழ் விவிலியத்தில் ‘யூபிலி’ என்று வருவது இதுதான். ஆக மூலத்தில் 50 மட்டுமே. வெள்ளி, பொன், வைரம் எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை.

வெள்ளி 25, பொன் 50: இதில் எங்கும் சண்டை இல்லை. வைரத்தில் ஆரம்பிக்கிறது சிக்கல். திருமண நாள் கணக்கில் முதலில் 75ஆம் ஆண்டுதான் வைரம். விக்டோரியா அரசி 1897இல் ஆட்சியின் 60 ஆண்டு நிறைவை வைர விழாவாகக் கொண்டாடியதிலிருந்து 60 நிலைபெற்றது. எலிசபெத் அரசி 1977இல் வெள்ளி, 2002இல் பொன், 2012இல் வைரம், 2022இல் 70ஆம் ஆண்டுக்கு ‘பிளாட்டினம்’ என்று கொண்டாடினார். இந்தியாவிலோ பிளாட்டினம் ஜூபிலி என்றால் 75. ஒரே உலோகம், ஐந்தாண்டு வித்தியாசம்.

நம் பவள விழாவும் 75தான். அதை அப்படியே ‘கோரல்’ ஆக்கினால் ஆங்கிலேயர் கணக்கில் 35ஆம் ஆண்டு ஆகிவிடும். பவளம் அங்கே 35ஆம் திருமண நாளுக்கு உரியது. முத்து விழாவும் அப்படியே. எண்பது நிறைந்த தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு ‘பேர்ல்’ போட்டால் 30 என்று எடுத்துக்கொள்வார்கள். மணிவிழாவுக்கு ஈடான ரத்தினமே ஆங்கிலத்தில் இல்லை. அறுபது என்னும் எண்ணுக்கு நாம் தரும் மதிப்பு பிரபவ முதல் அட்சய வரையான ஆண்டுச் சுற்று ஒன்று முடிவதால் வருவது. அந்தக் காரணத்தை ஒரு வரியில் சொன்னால் விருந்தாளி ஆர்வமாகக் கேட்பார், ‘டைமண்ட்’ என்று ஒட்டினால் திருமணமாகி 60 ஆண்டுகள் என்று நினைத்து, “பெண்ணுக்கு எத்தனை வயது?” என்று திகைப்பார்.

நான் சொல்வது: ரத்தினத்தை விட்டுவிட்டு எண்ணைப் போடுங்கள். ‘75த் ஆனிவர்சரி’ என்றால் எந்த நாட்டிலும் 75தான். நூற்றாண்டு ‘சென்டினரி’, இருநூறு ‘பைசென்டினரி’. நூற்றைம்பதுக்கு ‘செஸ்குவிசென்டெனியல்’ என்று ஒரு சொல் உண்டு. மேடையில் அதை உச்சரிக்கப்போகும் தொகுப்பாளர் மேல் இரக்கம் காட்டுங்கள்.

தேர்த் திருவிழாவுக்குக் ‘கார் ஃபெஸ்டிவல்’ சரியா?

பழைய ஆங்கிலத்தில் ‘கார்’ என்றால் சக்கர வண்டி, ரதம். மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே நம் தேருக்கு அந்தப் பெயர் வைத்தாயிற்று. தேரோடும் வீதிகள் ‘கார் ஸ்ட்ரீட்’ ஆனதும் அப்படித்தான். இன்று அதைப் படிக்கும் வெளிநாட்டவர் பழைய மோட்டார்களின் அணிவகுப்பை எதிர்பார்த்துத் திருவாரூருக்கு வருவார். ‘சாரியட் ஃபெஸ்டிவல்’ என்றால் தெளிவு. ‘ஜகர்நாட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பது பூரி ஜெகந்நாதர் தேரால்தான். தடுக்க முடியாமல் எதையும் நசுக்கிக்கொண்டு வரும் பெருஞ்சக்தி என்பது அதன் பொருள். பிரிட்டனில் பெரிய லாரிகளையும் அப்படிச் சொல்வார்கள். இறைவன் பெயருக்கு இப்படியொரு கதி.

தெப்பத்துக்கு நாம் எழுதுவது ‘ஃப்ளோட் ஃபெஸ்டிவல்’. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வலம் வருவதைப் பார்த்தவருக்கு இது பொருத்தமான பெயராகப் படும். ஆனால் மேற்கில் ‘ஃப்ளோட்’ என்பது ஊர்வலத்தில் போகும் அலங்கார வண்டி. குடியரசு தினத்தில் மாநிலங்கள் அனுப்பும் ஊர்தி மாதிரி. ‘டெம்பிள் டேங்க்’, ‘ராஃப்ட்’ என்ற சொற்களில் ஒன்றைச் சேர்த்தால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். ‘டேங்க்’ மட்டும் தனியாக வேண்டாம், அது ராணுவ வண்டியாகிவிடும்.

சாமி புறப்பாடு ‘ப்ரொசெஷன்’. படைகளும் பள்ளி மாணவர்களும் நடப்பது ‘பரேட்’. ‘ராலி’ நமக்குப் பேரணி, நடந்து போவது. அவர்களுக்கு ஓரிடத்தில் கூடி நின்று முழங்கும் பொதுக்கூட்டம்.

ஃபெஸ்டிவல், ஃபீஸ்ட், ஃபேர், கார்னிவல் – சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

‘ஃபீஸ்ட்’ தேவாலயத் திருநாள், விருந்து இரண்டையும் குறிக்கும். ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் நிறையும் வேளாங்கண்ணிப் பெருவிழா ஒரு ஃபீஸ்ட். ‘ஃபேர்’ என்றால் விற்றல் வாங்கல் இருக்க வேண்டும். சென்னையில் 1977 முதல் நடக்கும் புத்தகக் காட்சி ஆங்கிலத்தில் புக் ஃபேர். ஈரோட்டில் நடப்பது புத்தகத் திருவிழா, மாலைச் சொற்பொழிவுகளுக்கு அங்கே அவ்வளவு இடம். ‘கார்னிவல்’ கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய களியாட்டம். இறைச்சியை விலக்குவதைக் குறித்த லத்தீன் சொல்லில் பிறந்தது. ரியோவிலும் கோவாவிலும் இன்றும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. லண்டன் நாட்டிங் ஹில் கார்னிவல் மட்டும் ஆகஸ்ட் கடைசியில். வணிக வளாகத்தில் ஒரு ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் இருந்தாலே நமக்குக் கார்னிவல்.

‘ஃபெஸ்டிவல்’ பிரிட்டனில் இன்று பெரும்பாலும் கலைவிழா. 1947இல் தொடங்கிய எடின்பரோ விழா போல. மகிழ்ச்சிக்கு மட்டும்தான் அந்தச் சொல் என்றும் முடிவுகட்ட முடியாது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் போரில் இறந்தோருக்காக நவம்பர்தோறும் நடக்கும் நிகழ்ச்சிக்குப் பெயர் ‘ஃபெஸ்டிவல் ஆஃப் ரிமெம்பரன்ஸ்’. கூரையிலிருந்து பாப்பி மலரிதழ்கள் உதிர, அரங்கமே பேசாமல் நிற்கும்.

காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு – இவற்றுக்கு ஆங்கிலம்?

‘இயர் போரிங் செரிமனி’ என்று அச்சாவதை நிறுத்தினால் நல்லது. போரிங் என்றால் துளையிடல் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்துளைக் கிணறும் சலிப்பும்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘இயர் பியர்சிங்’ போதும். வளைகாப்பைப் ‘பேபி ஷவர்’ என்பது பாதி சரி. குழந்தைக்குப் பொருள்களைப் பரிசாகக் குவிப்பது அது. தாய்க்கு வளையல் பூட்டி ஆசி கூறுவது இது. ‘பேங்கிள் செரிமனி ஃபார் தி மதர்-டு-பி’ என்று எழுதினால் நம்முடையது நம்முடையதாகவே இருக்கும். புதுமனை புகுவிழாவுக்கு ‘ஹவுஸ்வார்மிங்’ பொருந்தும். குளிர் நாட்டுக்காரர்கள் கணப்பு மூட்டி வீட்டைச் சூடேற்றியது அது. நாம் பால் காய்ச்சுகிறோம், அடுப்பு பொது.

மஞ்சள் நீராட்டுக்குப் ‘ப்யூபர்ட்டி ஃபங்ஷன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு அந்தப் பெண்ணின் படத்தையும் அச்சிடுவது வெளியாரைச் சங்கடப்படுத்தும். ‘கமிங் ஆஃப் ஏஜ்’ என்பது நாகரிகமான மாற்று. அந்தப் பெண்ணே பள்ளித் தோழிகளிடம் அட்டையைக் காட்ட விரும்புகிறாளா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அச்சகத்துக்குப் போவது அதைவிட மேல்.

நினைவு நாள், இரங்கல் கூட்டம்: இங்கே எதில் தடுக்கி விழுவோம்?

‘செலிப்ரேட்’ என்பதில். நினைவு நாளைக் கொண்டாடுவதில்லை, அனுசரிக்கிறோம். ஆங்கிலத்திலும் ‘அப்ஸர்வ்’ அல்லது ‘மார்க்’. ஜனவரி 30 காலை 11 மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம் ‘அப்ஸர்வ்’ செய்யப்படுகிறது. ‘கமெமரேட்’ இருவகைக்கும் பொது. ‘ஹேப்பி குட் ஃப்ரைடே’ என்று வாழ்த்து அனுப்புகிறவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்புகிறார்கள். பெயரில் ‘குட்’ இருந்து ஏமாற்றுகிறது. அது இயேசு சிலுவையில் இறந்த நாள், வாழ்த்து வேண்டாம். கர்பலாவை நினைந்து துக்கம் காப்பவர்களிடம் ‘ஹேப்பி முஹர்ரம்’ என்பதும் அப்படியே.

அஞ்சலிக்கு ‘ஹோமேஜ்’, ‘ட்ரிப்யூட்’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். குறுநிலத் தலைவன் மண்டியிட்டு, தன் கைகளை அரசனின் கைகளுக்குள் வைத்து “உன் ஆள் நான்” என்று ஏற்றுக்கொண்டதே பழைய ஹோமேஜ். தோற்ற நாடு வென்றவனுக்குக் கட்டிய திறைதான் ட்ரிப்யூட். இன்று இரண்டுமே மரியாதையைக் குறிக்கின்றன, உயிரோடு இருப்பவருக்கும் செலுத்தலாம். ஆகவே ஆங்கிலச் செய்தியில் ‘ட்ரிப்யூட் டு’ என்று ஒரு நடிகரின் பெயரைப் பார்த்ததும் இரங்கல் செய்தியைப் பகிரத் தொடங்கிவிடாதீர்கள்.

இறந்தவரைப் புகழ்ந்து பேசுவது ‘யூலஜி’, கல்லறையில் பொறிப்பது ‘எபிடாஃப்’, நாளிதழில் வருவது ‘ஒபிச்சுவரி’. துக்கத்தில் பாடுவது ‘எலஜி’. நம் கையறுநிலைப் பாடல்கள் அதற்கு நெருக்கம். ‘வேக்’ என்பது இறந்தவரின் உடலருகே விழித்திருத்தல். அயர்லாந்தில் சாப்பாடும் பேச்சும் பாட்டும்கூட அதில் உண்டு. இங்கிலாந்தில் இப்போது அடக்கம் முடிந்தபின் கூடிச் சாப்பிடுவதற்கும் அதே பெயர். அழைத்தால் போங்கள், சிரிப்பொலி கேட்டால் அதிர வேண்டாம்.

‘மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ்’ கல்யாணத்துக்குச் சொல்லலாமா?

இந்த நாள் மீண்டும் மீண்டும் திரும்பி வரட்டும் என்பது அதன் பொருள். பிறந்தநாளுக்கும் திருமண ஆண்டு நாளுக்கும் பொருந்தும். தாலி கட்டிய கையோடு சொன்னால் மாப்பிள்ளை இன்னும் பல கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்று ஆகும். ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ என்று பன்மையிலேயே சொல்லுங்கள்.

தீபாவளி வாழ்த்தில் ‘க்ராக்கர்ஸ்’ வந்தால் பிரிட்டிஷ்காரருக்கு வேறொன்று தோன்றும். லண்டன் மிட்டாய்க்காரர் டாம் ஸ்மித் 1840களில் உருவாக்கிய காகிதக் குழல் அது; கிறிஸ்துமஸ் விருந்தில் இருவர் இரு முனையையும் இழுத்தால் பட்டென்று வெடித்து உள்ளே இருக்கும் சின்னப் பரிசு விழும். நம்முடையது ‘ஃபயர்வொர்க்ஸ்’.

‘டோஸ்ட்’ சொல்லும்போது குடிக்காதவர்கள் என்ன செய்வது?

பழச்சாறோ தண்ணீரோ உள்ள கோப்பையை உயர்த்தினால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள். ஒயினில் மணமூட்டிய வறுத்த ரொட்டித் துண்டைப் போட்டுக் குடித்த காலத்தில் பிறந்த பெயர் அது. உங்களுக்காகவே டோஸ்ட் சொன்னால் மட்டும் எழவோ குடிக்கவோ வேண்டாம். உட்கார்ந்து புன்னகைத்துவிட்டுப் பிறகு நன்றி சொல்லுங்கள்.

நம் விழாச் சொல் எதுவும் ஆங்கிலத்துக்குப் போகவில்லையா?

‘பந்தல்’ போயிருக்கிறது. ஆங்கில அகராதிகளில் ‘பண்டால்’ என்று இருக்கும், தமிழ் மூலம் என்றே குறித்திருப்பார்கள். கொல்கத்தா துர்கா பூஜைப் பந்தல்களால் அந்தச் சொல்லுக்கு இன்று உலகப் புகழ்.

‘ரிட்டர்ன் கிஃப்ட்’, ‘மொய்’ – இவற்றை எப்படி விளக்குவது?

தாம்பூலப் பையை ரிட்டர்ன் கிஃப்ட் என்றால் நீங்கள் கொடுத்த பரிசைத் திருப்பித் தருகிறோம் என்று சிலர் புரிந்துகொள்ளக்கூடும். கல்யாணத்தில் ‘வெட்டிங் ஃபேவர்’, குழந்தைகள் விருந்தில் ‘பார்ட்டி பேக்’ என்பார்கள்.

மொய்க்கு ஆங்கிலம் தேட வேண்டாம். ‘கேஷ் கிஃப்ட்’ என்றால் கொடுத்ததோடு முடிந்துவிடும் அன்பளிப்பு. மொய் நோட்டில் ஏறியதோ திரும்ப வேண்டிய பணம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் இதற்கென்றே மொய் விருந்து நடக்கும். கிடாக் கறியோடு இலை போட்டு, வாங்கிய தொகையைப் பேரேட்டில் எழுதி, கொடுத்தவர் வீட்டு முறை வரும்போது கூடுதலாகப் போட்டுத் தீர்ப்பார்கள். அதை ‘ஃபண்ட்ரெய்சர்’ என்று மொழிபெயர்த்தால் நன்கொடை என்று ஆகிவிடும். வெளிநாட்டு விருந்தாளியை அங்கே அழைத்துப் போனால், வட்டியில்லாமல் ஊரே சுழற்சியில் கடன் கொடுத்து வாங்குகிறது என்று விளக்குங்கள். அவர் பெயரை நோட்டில் ஏற்றுவதற்கு முன், அடுத்த முறை யார் வீட்டு விருந்துக்கு அந்தப் பணம் திரும்ப வேண்டும் என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.